முதல் நொடியில் அண்டம் எவ்வளவு வேகமாக விரிந்தது? கரும்பொருள் தேடலில் அதற்கு என்ன வேலை?

#1 அரைநொடி

தெற்கு டகோட்டாவில் நிலத்துக்கடியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஏழு டன் திரவ செனானை வைத்துக்கொண்டு, கரும்பொருள் துகள் ஏதாவது வந்து மோதுமா என்று காத்திருக்கிறது லக்ஸ்-செப்லின் கருவி. அதன் 280 நாள் தரவை 2024-இல் வெளியிட்டார்கள். ஒன்றும் சிக்கவில்லை. 40 ஜி.இ.வி. நிறையுள்ள கரும்பொருள் துகள் ஒரு நியூக்ளியானோடு (புரோட்டான் அல்லது நியூட்ரான்) மோதுவதற்கான குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது மோதல் வாய்ப்பின் அளவு, 2.2×10⁻⁴⁸ சதுர சென்டிமீட்டரைத் தாண்டாது என்பதுதான் கிடைத்த முடிவு. (புதிதாக வருபவர்களுக்கு: கரும்பொருள் என்பது ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். ஒரு ஜி.இ.வி. என்பது நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட். புரோட்டானின் நிறை அதற்குச் சற்றுக் குறைவு.)

இந்த முடிவுகளைப் பற்றி எங்கே படித்தாலும் ஓரத்தில் ஒரு சொற்றொடர் வருகிறது: "வழக்கமான அண்டவியலை எடுத்துக்கொண்டால்." ஒப்பந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் போல எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதற்கு உண்மையில் எடை உண்டா? அண்டம் தொடக்கத்தில் விரிந்த வேகத்துக்கும் இன்று சுரங்கத்துக்குள் இருக்கும் செனானுக்கும் என்ன தொடர்பு?

#2 பழுப்புக்குள்ளன்

தொடர்பு ஒன்றும் இல்லை. பெருவீக்கம் (தொடக்கத்தில் அண்டம் நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் ஊதிப் பெருத்தது) முடிந்த பிறகுதானே துகள்களே வந்தன? முன்னால் நடந்ததை வீக்கம் துடைத்துவிட்டது. விம்ப் (கனமான, பலவீனமாக ஊடாடும் கரும்பொருள் துகள்) செத்துவிட்டது, ஒப்புக்கொள்வதற்குத்தான் பலருக்கு மனம் வரவில்லை.

#3 முகிலினி

பழுப்புக்குள்ளன், நீங்கள் இரண்டு விரிவுகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். பெருவீக்கம் வேறு. அரைநொடி கேட்பது அதற்குப் பின் வந்த காலத்தை: வீக்கம் முடிந்ததிலிருந்து முதல் நொடி வரை. அந்த இடைவெளியைப் பற்றி நம்மிடம் நேரடிச் சான்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. விம்ப் வகைத் துகள்களின் மொத்த எண்ணிக்கை முடிவானது அந்த இடைவெளிக்குள்தான்.

கணக்கு இப்படிப் போகிறது. தொடக்கத்தில் கரும்பொருள் துகள்கள் வெந்நிலைக் கதிர்வீச்சோடு சமநிலையில் இருந்தன. இரண்டு சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துச் சாதாரணத் துகள்களாக மாறும். சாதாரணத் துகள்கள் மோதி மீண்டும் கரும்பொருளை உண்டாக்கும். வெப்பநிலை குறையக் குறைய உண்டாக்குவதற்கான ஆற்றல் போதாமல் போகிறது. அழிவு மட்டும் தொடர்கிறது. அழிவதற்கு ஒரு துகளுக்கு இணை வேண்டுமே! அண்டம் விரிந்து துகள்கள் விலகிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் இணையைச் சந்திக்கும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. அப்போது எஞ்சி நின்ற எண்ணிக்கைதான் இன்றும் இருப்பது. இதை உறைவு என்கிறோம்.

எந்தக் கட்டத்தில் உறையும்? சந்திப்பு வீதம் விரிவு வீதத்துக்குக் கீழே இறங்கும்போது. ஒரு தட்டில் துகளின் இயல்பு, மறு தட்டில் அண்டத்தின் விரிவு. இரண்டாவது தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை; கதிர்வீச்சுதான் ஆதிக்கம் செலுத்தியிருக்கும், ஆகவே விரிவு வீதம் வெப்பநிலையின் இருமடிக்கு விகிதமாக இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டோம். அப்படி வைத்தால், பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த கரும்பொருள் அடர்த்தியை (அண்டவியலாளர் எழுதும் அலகில் 0.12) எட்டுவதற்கு அழிவு வீதம் ஏறத்தாழ 3×10⁻²⁶ கன செ.மீ./நொடி இருக்க வேண்டும். வரைபடங்களில் கிடையாக ஓடும் "எதிர்பார்ப்புக் கோடு" இதுதான். ஒப்பந்தத்தின் பொடி எழுத்து என்றீர்கள். ஒப்பந்தமே அந்தப் பொடி எழுத்துதான் என்பேன்.

100 ஜி.இ.வி. துகள் உறைவது வெப்பநிலை அதன் நிறையில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்காகக் குறையும்போது, அதாவது 4 ஜி.இ.வி. அளவில். வழக்கமான விரிவின்படி அது பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 2×10⁻⁸ நொடி. நொடியை ஐந்து கோடிக் கூறு போட்டால் அதில் ஒன்று.

#4 சந்தேகப்பிராணி

முகிலினி அவர்களே, விளக்கத்துக்கு நன்றி, ஆனால் எனக்கு இது உறுத்துகிறது. பார்க்காத காலம் என்றால் அதில் எதை வேண்டுமானாலும் செருகலாமே? துகள் கிடைக்கவில்லையா, விரிவை மாற்று. அப்போதும் கிடைக்கவில்லையா, இன்னும் மாற்று. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற கதைதான்.

#5 ஒற்றைக்கண்ணாடி

எதை வேண்டுமானாலும் செருக முடியாது. முதல் நொடியில் ஒரு சுவர் நிற்கிறது.

வெப்பநிலை 1 எம்.இ.வி.-ஐ (ஜி.இ.வி.-யில் ஆயிரத்தில் ஒன்று) ஒட்டி வரும்போது நியூட்ரானும் புரோட்டானும் ஒன்று மற்றொன்றாக மாறுவது நின்றுபோகிறது. அதுவும் ஓர் உறைவுதான், கணக்கும் அதே கணக்குதான். விரிவு வேகமாக இருந்தால் முன்கூட்டியே நிற்கும், நியூட்ரான் கூடுதலாக மிஞ்சும், கூடுதல் ஹீலியம் உண்டாகும். சாதாரணப் பொருளின் நிறையில் கால் பங்கை ஒட்டி ஹீலியம் இருக்கிறது என்பது வழக்கமான விரிவோடு நன்றாகப் பொருந்துகிறது. டியூட்டீரியமும் (கன ஹைட்ரஜன்) அப்படியே. பிளாங்க் தரவில் நியூட்ரினோ வகைகளின் செயலுறு எண்ணிக்கை (கூடினால் விரிவும் வேகமாகும்) 2.99 என்று வந்தது. கோட்பாடு சொல்வது 3.044. பிழை வரம்புக்குள் இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே கதை எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ 4 எம்.இ.வி. வெப்பநிலைக்குள் அண்டம் கதிர்வீச்சு ஆதிக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வாசல் திறந்துதான் கிடக்கிறது. 4 எம்.இ.வி.-க்கும் 4 ஜி.இ.வி.-க்கும் இடையே ஆயிரம் மடங்கு வெப்பநிலை இருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. உறைவுக் கணக்கு வெறும் ஊகம் என்று சொல்பவர்களுக்கு ஹீலியம்தான் பதில். அந்தக் கணக்கு வேலை செய்கிறது என்று அண்டமே ஒரு தடவை காட்டிவிட்டது.

#6 கணக்குப்பிள்ளை

பேச்சைவிடக் கணக்கு மேல் என்று நேற்றிரவு ஒரு சிறு நிரல் எழுதினேன். துகள் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று சொல்லும் போல்ட்ஸ்மன் சமன்பாட்டை எண்முறையில் தீர்க்கிறது. துகள் 100 ஜி.இ.வி., வழக்கமான விரிவு: கிடைத்த அடர்த்தி 0.12-க்குப் பக்கத்தில். அதுவரை நிம்மதி.

பிறகு "கைனேஷன்" போட்டேன். அதாவது ஒரு திசையிலிப் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் திசையின்றி ஓர் எண் மதிப்பு மட்டும் கொண்டது) தன் இயக்க ஆற்றலாலேயே அண்டத்தை ஆளும் காலம். அதன் ஆற்றல் அடர்த்தி அண்ட அளவின் ஆறாம் மடியில் குறைகிறது (கதிர்வீச்சு நான்காம் மடியில்), ஆகவே விரிவு வீதம் வெப்பநிலையின் மும்மடிக்கு விகிதம். 10 எம்.இ.வி.-இல் கதிர்வீச்சு அதை முந்துமாறு வைத்தேன். துகள் வகைகளின் எண்ணிக்கை மாறுவதைக் கணக்கில் எடுக்கவில்லை, சோம்பல். 5 ஜி.இ.வி. வெப்பநிலையில் விரிவு வழக்கத்தைவிட 500 மடங்கு வேகம். சந்திப்பு 500 மடங்கு கடினமென்றால் மிச்சமும் 500 மடங்கு இருக்க வேண்டுமே? எனக்கு 55 மடங்குதான் வருகிறது. ஒரு மணி நேரமாகப் பிழையைத் தேடுகிறேன்.

#7 முகிலினி

பிழை இல்லை, தேடுவதை நிறுத்துங்கள்! இந்தத் துறையில் இதற்கு ஒரு பெயரே உண்டு: ஓயாத அழிவு. 2017-இல் டெராமோ, ஃபெர்னாண்டஸ், ப்ரொஃபூமோ மூவரும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

வழக்கமான விரிவில் உறைவுக்குப் பின் நடக்கும் அழிவு சட்டென்று அடங்கிவிடும். கைனேஷனில் அப்படி இல்லை. விரிவு வீதம் தொடக்கத்தில் மிக அதிகம், ஆனால் செங்குத்தாக இறங்குகிறது. துகள்கள் விலகிப்போன பிறகும் அழிவுக்கு ஓரளவு வாய்ப்பு மிஞ்சுகிறது. வெப்பநிலை பத்தில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு கட்டத்திலும் கிட்டத்தட்ட அதே பங்கு அழிவு சேர்ந்துகொண்டே போகிறது. அதைக் கூட்டினால் மடக்கை வருகிறது. 500-இன் இயல் மடக்கை 6.2. அதோடு ஒன்றைக் கூட்டி 500-ஐ வகுத்தால் ஏறத்தாழ 70. வேக விரிவில் உறைவு சற்று முன்னதாக நிகழ்வதையும் சேர்த்தால் உங்கள் 55 வந்துவிடும்.

மைதானம் பெரிதாகிக்கொண்டே போக ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் போகிறது என்று நான் வகுப்பில் சொல்லும் உவமை இங்கே நொண்டியடிக்கிறது, தெரிந்தே சொல்கிறேன்.

#8 கணக்குப்பிள்ளை

அப்பாடா. ஒரு மணி நேரம் வீண்.

அடுத்து எதிர்ப்பக்கம். கனமான, நீண்ட ஆயுள் கொண்ட ஏதோ ஒரு துகள் அண்டத்தை ஆண்டு, பிறகு மெல்லச் சிதைந்து கதிர்வீச்சாக மாறும் கதை. சிதைவு நடக்கும்போது விரிவு வீதம் வெப்பநிலையின் நான்காம் மடிக்கு விகிதம் என்று படித்தேன். சிதைவு முடியும் வெப்பநிலையை 500 எம்.இ.வி. என்று வைத்தேன். நிரலில் விரிவு வீதத்தை மாற்றினேன். மிச்சம் 4 மடங்கு கூடுகிறது. ஆனால் எல்லோரும் இந்தக் கதையில் கரும்பொருள் குறையும் என்கிறார்களே?

#9 ஒற்றைக்கண்ணாடி

நிரலை ஒட்டுங்கள் என்று கேட்கவே வேண்டாம், எங்கே சறுக்கியிருப்பீர்கள் என்று தெரியும். வெப்பநிலை அண்ட அளவுக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது என்ற வரியை முந்தைய நிரலிலிருந்து அப்படியே விட்டிருப்பீர்கள்.

#10 கணக்குப்பிள்ளை

ஆமாம். 41-ஆம் வரி. எப்படித் தெரிந்தது?

#11 ஒற்றைக்கண்ணாடி

எனக்கும் ஒரு காலத்தில் அதே வரியில்தான் சறுக்கியது. மூன்று வாரம் கண்டுபிடிக்கவில்லை, வழிகாட்டியிடம் படத்தைக் காட்டி அவரும் தலையாட்டிவிட்டார்.

சிதைவு நடக்கும் காலத்தில் புதிய கதிர்வீச்சு ஊற்றாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதனால் அண்டம் விரிந்தாலும் வெப்பம் அவ்வளவாகக் குறைவதில்லை. அண்ட அளவின் எட்டில் மூன்று மடிக்கு எதிர்விகிதமாகத்தான் இறங்குகிறது. சாதாரணமாக வெப்பநிலை பத்தில் ஒன்றாக அண்டம் 10 மடங்கு விரிந்தால் போதும். இங்கே 460 மடங்கு விரிய வேண்டும். கன அளவில் பார்த்தால் கூடுதலாக ஒரு லட்சம் மடங்கு. புதிய கதிர்வீச்சு வந்துகொண்டே இருக்கிறது, கரும்பொருளுக்கு வரவு இல்லை. ஒப்பீட்டில் அது அத்தனை நீர்த்துப் போகிறது. என்ட்ரோபி (இங்கே கதிர்வீச்சின் மொத்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்) மாறாது என்ற அனுமானம் எந்த வரியில் ஒளிந்திருந்தாலும் அதைப் பிடுங்கி எறியுங்கள்.

#12 கணக்குப்பிள்ளை

எறிந்தேன். மிச்சம் இப்போது வழக்கமான மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. ஒரே ஒரு வரி, 4 மடங்கு அதிகம் என்றிருந்தது ஆயிரம் மடங்கு குறைவாகிவிட்டது.

அப்படியானால் 0.12 கிடைக்க வேண்டுமென்றால் அழிவு வீதத்தை 3×10⁻²⁹ அளவுக்குக் குறைக்க வேண்டும், சரியா?

#13 முகிலினி

சரி. சிதையும் துகளிலிருந்து கரும்பொருள் நேரடியாகப் பிறக்கவில்லை என்ற நிபந்தனையோடு. சிறு பங்கு பிறந்தாலும் கணக்கு மாறிவிடும்.

அரைநொடி கேட்டதற்கு இங்கேதான் விடை. ஆரம்ப அண்டம் வேகமாக விரிந்திருந்தால் துகள் நாம் நினைப்பதைவிட வலுவாக ஊடாடுவதாக இருக்க வேண்டும். எளிதாகச் சிக்க வேண்டும். இடையில் நீர்த்துப்போயிருந்தால் மிக மெல்லிய ஊடாட்டமே போதும்; செனான் தொட்டி அதை ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் போகலாம். தொட்டிகள் கூர்மையாகிக்கொண்டே போனால் சூரிய நியூட்ரினோக்களின் மூடுபனி (கரும்பொருளைப் போலவே தோன்றும் அவற்றின் மோதல்கள்) வேறு குறுக்கே வந்து நிற்கிறது. இதே வகைச் செனான் கருவிகளான செனான்என்டி, பாண்டாஎக்ஸ்-4டி இரண்டும் 2024-இல் அந்தப் பனியின் முதல் அறிகுறிகளைப் பார்த்துவிட்டன.

ஒரு எச்சரிக்கை. அழிவு வீதமும் அணுக்கருவோடு மோதும் வீதமும் ஒன்றல்ல. எளிய மாதிரிகளில் இரண்டும் ஒரே இணைப்பு வலிமையிலிருந்து வருவதால் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். எல்லா மாதிரிகளிலும் அப்படி இல்லை. மேலே போட்ட எண்களை நேரடியாக லக்ஸ்-செப்லின் வரைபடத்தின் மேல் ஒட்டிவிடாதீர்கள்.

#14 சந்தேகப்பிராணி

நான் சொன்னதுதானே நடந்தது? ஒரே இரவில் ஒரே ஆள் 55 மடங்கு மேலேயும் போனார், ஆயிரம் மடங்கு கீழேயும் போனார். இதற்குப் பெயர் கணிப்பா? எந்த அளவு வந்தாலும் அதற்கேற்ற வரலாறு தயார். தோற்கவே முடியாத கோட்பாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

#15 நுண்வளையம்

நீண்ட நாளாக வாசிக்க மட்டுமே செய்கிறேன், ஆனால் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சந்தேகப்பிராணி, தோற்க முடியாது என்கிறீர்கள். கணக்குப்பிள்ளையின் முதல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள், அது ஏற்கெனவே தோற்றுவிட்டது. 55 மடங்கு மிச்சத்தைச் சரிக்கட்ட அழிவு வீதம் 55 மடங்கு வேண்டும்: ஏறத்தாழ 1.65×10⁻²⁴. அப்படி ஒரு துகள் இருந்தால் இன்றைக்கும் குறுவிண்மீன் மண்டலங்களில் அழிந்து காமாக் கதிராக ஒளிர வேண்டும். ஃபெர்மி தொலைநோக்கி 15 குறுமண்டலங்களின் ஆறாண்டுத் தரவை வைத்து 2015-இல் வெளியிட்ட வரம்பு, 100 ஜி.இ.வி. துகள் பி-குவார்க்குகளாக (கனமான ஒரு வகை அடிப்படைத் துகள்) அழியும் வழியில், வழக்கமான கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 50 மடங்கு மேலே என்றால் வானமே காட்டிக்கொடுத்திருக்கும். தப்ப வேண்டுமென்றால் துகள் நியூட்ரினோவாக மட்டும் அழிய வேண்டும், அல்லது மெதுவாக நகரும்போது அழிவு அடங்கிவிட வேண்டும். கதவு குறுகிவிட்டது.

கைனேஷனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெருவீக்கம் விட்டுச்சென்ற ஈர்ப்பு அலைகளை அது உயர் அதிர்வெண்களில் பெருக்கிவிடும். அந்தக் காலம் நீண்டுகொண்டே போனால் அலைகளின் ஆற்றலே ஹீலியக் கணக்கைக் கெடுத்துவிடும். இஷ்டத்துக்கு நீட்ட முடியாது.

#16 சந்தேகப்பிராணி

கைனேஷனை விடுகிறேன். நீர்த்துப்போகும் கதையைக் கொல்லுங்கள் பார்க்கலாம். அதுதானே எல்லாவற்றையும் மூடுபனிக்குள் ஒளித்து வைக்கிறது.

#17 நுண்வளையம்

கொல்ல முடியும் என்று சொல்லவில்லை. ஆனால் அது கைரேகை விட்டுச் செல்கிறது. என் ஆர்வமே அதில்தான், சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சு ஆளும் காலத்தில் கரும்பொருளின் சிறு அடர்த்தி ஏற்றங்கள் ஏறக்குறைய முடங்கிக் கிடக்கும். மடக்கை வேகத்தில்தான் வளரும். பொருள் ஆளும் காலத்தில் அண்ட அளவுக்கு நேர்விகிதமாக வளரும். இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். இதே பாடத்தை முதல் நொடிக்குள் பொருத்திப் பாருங்கள். கனமான துகள் ஆண்ட காலமும் பொருள் ஆண்ட காலம்தான்! அப்போதைய தொடுவானத்துக்குள் (அதுவரை ஒளி கடந்திருக்கக்கூடிய எல்லை) இருந்த மிகச் சிறிய ஏற்றங்கள் அங்கே ஒரு முன்னோட்டம் பெற்றுவிடுகின்றன. 2011-இல் எரிக்செக், சிகுர்ட்சன் இருவரும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பின்னால் அந்த ஏற்றங்கள் மற்றவற்றுக்கு வெகு முன்பே இறுகி, பூமியைவிடக் குறைந்த நிறையுள்ள அடர்ந்த நுண்கூட்டங்களாகும். கரும்பொருள் போதிய அளவு குளிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்திலேயே ஏற்றங்கள் அழிந்துவிடும்.

இதன் விளைவைப் பாருங்கள். அழிவு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. அழிவு வீதம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தாலும், துகள்கள் இறுகிய முடிச்சுகளில் குவிந்திருந்தால் காமாக் கதிர் மீண்டும் எட்டிப் பார்க்கும். வானெங்கும் சீராகப் பரவியுள்ள காமாப் பின்னணியை வைத்து இப்படிப்பட்ட வரலாறுகளில் ஒரு பகுதியை ஏற்கெனவே விலக்கிவிட்டார்கள். ஒளிந்துகொள்ள உதவிய அதே காலம் காட்டியும் கொடுக்கிறது.

சுரங்கக் கருவிகளுக்கு இது தலைகீழாக அடிக்கலாம். அவர்கள் நம்மைச் சுற்றிலும் கரும்பொருள் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.3 ஜி.இ.வி. என்று சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பகுதி முடிச்சுகளுக்குள் அடைபட்டிருந்தால் பூமி பெரும்பாலான நேரம் வெற்றிடத்தில்தான் நீந்திக்கொண்டிருக்கும். விண்மீன்கள் அருகே போகும்போது முடிச்சுகள் எவ்வளவு கிழிபடும் என்பதைப் பொறுத்தது அது.

#18 அரைநொடி

இதை நான் எங்கும் படித்ததில்லை. துகள் பலவீனம் என்பதால் மட்டுமல்ல, துகள் நம் பக்கம் வராததாலும் தொட்டி காலியாக இருக்கலாம் என்கிறீர்கள்.

#19 வால்விண்மீன்77

இவ்வளவு ஒட்டுப்போடுவதற்குப் பதிலாக நியூட்டன் விதியைத் திருத்திவிட்டால் கரும்பொருளே தேவையில்லையே?

#20 நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, 300 பதிவுகளைத் தாண்டிவிட்டது. அங்கே தொடருங்கள். இங்கே வேண்டாம்.

#21 தாழ்வலை

இழை முழுக்க விம்ப் புராணமாகவே இருக்கிறதே. ஆக்சியான் என்றொரு ஆளும் வரிசையில் நிற்கிறார்: கரும்பொருளாக இருக்கக்கூடிய, மிக மிக இலேசான இன்னொரு துகள்.

ஆக்சியானுக்கு உறைவு கிடையாது. அது தொடக்கத்தில் நழுவாமல் மாட்டிக்கொண்ட ஊசல். விரிவு வீதம் அதன் நிறைக்குக் கீழே இறங்கும்போதுதான் ஆடத் தொடங்குகிறது. வழக்கமான வரலாற்றில் இது வெப்பநிலை 1 ஜி.இ.வி.-ஐ ஒட்டி நடக்கிறது. அதாவது அதுவும் ஒற்றைக்கண்ணாடியின் சுவருக்கு அப்பால்தான். விரிவு வேகமாக இருந்தால் ஊசல் தாமதமாக ஆடும், மிச்சம் கூடும், 0.12-க்கு இழுத்துவர ஆக்சியான் கனமாக இருக்க வேண்டும். நீர்த்துப்போகும் கதையில் நிறை குறையலாம்.

இதன் நடைமுறை விளைவு கொடுமையானது. ஆக்சியான் தேடல் வானொலியில் நிலையம் தேடுவதைப் போன்றது. ஏடிஎம்எக்ஸ் கருவி தன் நுண்ணலைக் குழியின் அதிர்வெண்ணை மெல்ல மெல்லத் திருப்பி, சில மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் பகுதியை ஆண்டுக்கணக்கில் துழாவுகிறது. மேட்மேக்ஸ் அதைவிட மேலே, 100 மைக்ரோவை ஒட்டிய பகுதிக்காகத் திட்டமிடப்பட்டது. முதல் நொடியின் வரலாறு மாறினால் நிலையமே வேறு அலைவரிசையில் இருக்கும். விம்ப் ஆட்களுக்காவது ஒரே தொட்டியில் பல நிறைகளைப் பார்க்கும் வசதி உண்டு, எங்களுக்கு அதுவும் கிடையாது.

#22 ஒற்றைக்கண்ணாடி

கசிந்து சேரும் வகையையும் விட்டுவிடக் கூடாது. அந்தத் துகள்கள் ஒருபோதும் சமநிலைக்கு வந்ததே இல்லை. சாதாரணத் துகள்களின் சிதைவிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தவை. (இதை உள்ளுறைவு என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. எனக்குக் கசிவுதான் பிடிக்கிறது, சண்டைக்கு வராதீர்கள்.) இணைப்பு வலிமை அவ்வளவு சிறியது என்பதால் தாய்த்துகள் துகள்மோதியில் பிறந்தாலும் பெரும்பாலும் உணர்கருவியைத் தாண்டிப் போய்த்தான் சிதையும்.

அண்டம் வேகமாக விரிந்திருந்தால் கசிய நேரம் போதாது. இடையில் நீர்த்துப்போயிருந்தால் கசிந்தது கரைந்துவிடும். இரண்டிலும் ஈடுகட்ட இணைப்பு வலிமையைக் கூட்டியாக வேண்டும். சிதைவு வீதம் அதன் இருமடி. வலிமை 100 மடங்கு கூடினால் தாய்த்துகள் கடக்கும் தூரம் பத்தாயிரத்தில் ஒன்றாகச் சுருங்கும்: 10 கிலோமீட்டர் 1 மீட்டராகும். 1 மீட்டர் என்றால் உணர்கருவிக்கு உள்ளேயே! மோதல் புள்ளியிலிருந்து விலகி நடுவழியில் முளைக்கும் தடங்களைத் தேடுகிறார்களே, அது இதற்காகவும்தான். அப்படி ஒன்று சிக்கி, அதன் ஆயுளையும் நிறையையும் அளந்துவிட்டால், அதிலிருந்து பின்னோக்கி முதல் நொடியின் விரிவைக் கணக்கிடலாம். இங்கே விரிவு மாறினால் கண்டுபிடிப்பது எளிதாகிறது. உறைவில் இரண்டு பக்கமும் போகும்.

#23 சந்தேகப்பிராணி

ஒற்றைக்கண்ணாடி கடைசியாகச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். துகளை அளந்து வரலாற்றைக் கண்டுபிடிப்பது எனக்குப் புரிகிற அறிவியல். வரலாற்றைக் கற்பனை செய்து துகளைக் காப்பாற்றுவதுதான் ஒவ்வவில்லை. 1977-இல் லீயும் வைன்பெர்க்கும் கன நியூட்ரினோவுக்கு வரம்பு போட்டபோதே இந்த அனுமானம் இருந்திருக்குமே, அப்போது யாரும் கேட்கவில்லையா?

#24 முகிலினி

கேட்டார்கள். வெப்பச் சமநிலையின் மிச்சங்கள் எவ்வளவு என்று நமக்கு உண்மையில் தெரியுமா என்று 1990-இலேயே காமியன்கோவ்ஸ்கியும் டர்னரும் எழுப்பினார்கள். ஆனால் அப்போது விம்ப் அடுத்த திருப்பத்தில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. மேசையில் எளிய கணக்கு இருக்கும்போது சிக்கலான கணக்கை யார் கையில் எடுப்பார்கள்? தொட்டிகள் காலியாக இருப்பதால் இப்போது பழைய கேள்விகளைத் தூசு தட்டுகிறோம். உங்கள் எரிச்சலில் பாதி நியாயம் என்று இதைத்தான் சொல்வேன். மறுபாதி நியாயமில்லை: கனமான துகள் ஒன்று அண்டத்தை இடையில் ஆளும் கதை கரும்பொருளைக் காப்பாற்றப் பிறந்ததல்ல. இழைக் கோட்பாடுகளில் (துகள்களை அதிரும் நுண்ணிழைகளாகப் பார்ப்பவை) மாடுலை எனப்படும் துகள்கள் அழையா விருந்தாளிகளாக வருகின்றன, 1983-இலிருந்தே அவை ஒரு தலைவலி.

#25 கணக்குப்பிள்ளை

நிரலைத் திருத்தி, துகள் வகைகளின் எண்ணிக்கை மாறுவதையும் சேர்த்துவிட்டேன். கைனேஷன் 55-லிருந்து இன்னும் மேலே போகிறது, நுண்வளையத்தின் வாதம் வலுக்கிறது. சிதைவு முடியும் வெப்பநிலையை 5 எம்.இ.வி.-இலிருந்து 5 ஜி.இ.வி. வரை ஓடவிட்டிருக்கிறேன், காலையில் படம் போடுகிறேன்.

ஒரு கேள்வி. நுண்வளையம் ஈர்ப்பு அலைகளைச் சொன்னார். 5 ஜி.இ.வி. வெப்பநிலையில், அதாவது என் துகள் உறையும் அந்த நேரத்தில், தொடுவானத்துக்குள் நுழைந்த அலை இன்றைக்கு எந்த அதிர்வெண்ணில் இருக்கும்? அதைக் கேட்க முடிந்தால் விரிவை நேரடியாகவே பார்த்துவிடலாமே.

#26 நுண்வளையம்

வழக்கமான விரிவில் 10⁻⁷ ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. ஓர் அலை முடிய மூன்று மாதத்தை ஒட்டி ஆகும்.

2023-இல் நானோகிராவ் முதலிய குழுக்கள் ஈர்ப்பு அலைகளின் பின்னணி முனகலுக்குச் சான்று கண்டது சில நானோ ஹெர்ட்ஸில், பல்சார்களை (சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்கள்) வைத்து. அது பெரும்பாலும் பெருங்கருந்துளை இணைகளின் ஓசையாக இருக்கலாம். பெருவீக்கத்தின் மெல்லிய அலை அதற்கு அடியில் புதைந்திருக்கும். ஈர்ப்பு அலைகளைக் கேட்கவிருக்கும் லிசா விண்கலத் திட்டத்தை 2024 ஜனவரியில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் முறையாக ஏற்றுக்கொண்டது, அது கேட்கப் போவது மில்லி ஹெர்ட்ஸில். உங்கள் 5 ஜி.இ.வி. இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

#27 கணக்குப்பிள்ளை

நடுவில் எந்தக் கருவியும் இல்லையா?

#28 நுண்வளையம்

திட்ட வரைவுகள் உண்டு. கருவி இல்லை.